உறுப்பு மாற்றம் பெற்றவர்களில் நரம்பு மண்டலத் தீநுண்மத் தொற்றுகள்

உறுப்பு மாற்றம் பெற்றவர்களில் நரம்பு மண்டலத் தீநுண்மத் தொற்றுகள் என்பவை, சிறுநீரகம், கல்லீரல், இதயம், நுரையீரல் முதலிய உறுப்புகளைப் பிறரிடமிருந்து பெற்று வாழ்பவர்களின் மூளை, தண்டுவடம், மூளையுறைகள், நரம்புகள் ஆகியவற்றைத் தாக்கும் வைரசு நோய்கள் ஆகும். பெற்ற உறுப்பை உடல் ஒதுக்கிவிடாமல் இருக்க வாழ்நாள் முழுதும் உட்கொள்ளப்படும் மருந்துகள் உடலின் தடுப்பாற்றலைக் குறைக்கின்றன. அதனால் பிறருக்கு எளிதில் ஆறிவிடும் தொற்றும், பல ஆண்டுகளாக உடலுக்குள் அடங்கிக் கிடந்த தொற்றும் இவர்களுக்கு மூளையழற்சியாக முற்றக்கூடும்.

இத்தொற்றுகள் அடிக்கடி நேர்வன அல்ல. எனினும் அறிகுறிகள் மங்கலாகத் தொடங்குவதாலும், காலந்தாழ்ந்து கண்டறியப்பட்டால் உயிரிழப்போ நிலையான ஊனமோ ஏற்படுவதாலும் இவை முக்கியத்துவம் பெறுகின்றன. எந்தத் தீநுண்மம் தாக்கும் என்பதை நோயாளி வாழும் இடமும் ஓரளவு முடிவு செய்கிறது. ஆகவே பொதுவான விளக்கங்களைத் தொடர்ந்து, தமிழ்நாட்டின் சேலம், நாமக்கல் மாவட்டச் சமவெளியில் வாழும் நோயாளிகளுக்கு இவை எவ்வாறு பொருந்துகின்றன என்பதும் இக்கட்டுரையில் விளக்கப்படுகிறது.

பின்னணி

மனித உடல் தன்னுடையதல்லாத திசுவை அடையாளம் கண்டு அழிக்க முயலும். இப்பணியில் முதன்மைப் பங்கு வகிப்பவை டி-உயிரணுக்கள் எனப்படும் வெள்ளையணுக்கள் ஆகும். தீநுண்மம் புகுந்த உயிரணுக்களைக் கண்டறிந்து அழிப்பவையும் இதே டி-உயிரணுக்களே. டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின், மைக்கோபீனோலேட், பிரெட்னிசோலோன் முதலிய தடுப்பாற்றல் ஒடுக்க மருந்துகள் டி-உயிரணுக்களின் செயலைக் குறைக்கின்றன. இதனால் மாற்று உறுப்பு காக்கப்படுகிறது. அதே வேளையில் தீநுண்மங்களுக்கு எதிரான காவலும் தளர்கிறது. இவ்விரண்டையும் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரிக்க இயலாது. மருந்தை மிகவும் குறைத்தால் உறுப்பு ஒதுக்கப்படும். மிகவும் கூட்டினால் தொற்று வரும். இவற்றுக்கு இடைப்பட்ட அளவைக் கண்டு நிறுத்துவதே உறுப்பு மாற்ற மருத்துவத்தின் அன்றாடப் பணியாகும்.

அறுவைச் சிகிச்சையின் போதும், உறுப்பு ஒதுக்கம் நேரும் போதும் கூடுதல் வீரியமுள்ள மருந்துகள் தரப்படுகின்றன. அதைத் தொடர்ந்து வரும் மாதங்களில் தொற்றுக்கான வாய்ப்பு மிகுதியாக இருக்கும்.

தீநுண்மம் மூளையை அடையும் வழிகள்

மூளையின் குருதிக்குழாய்களின் உட்சுவர் நெருக்கமாகப் பிணைந்த உயிரணுக்களால் ஆனது. இது குருதி-மூளைத் தடுப்பு எனப்படும். இத்தடுப்பைக் கடந்தோ அதனைத் தவிர்த்தோ தீநுண்மங்கள் மூன்று வழிகளில் நரம்பு மண்டலத்தை அடைகின்றன.

1. குருதி வழி: ஜப்பானிய மூளையழற்சி, மேற்கு நைல் முதலிய கொசுவழித் தீநுண்மங்கள் குருதியில் பெருகி, பின்னர் மூளைக்குள் நுழைகின்றன.
2. நரம்பு வழி: வெறிநாய்க்கடி நோய்த் (ரேபிஸ்) தீநுண்மம் கடிவாயிலுள்ள நரம்பு முனையில் புகுந்து, நரம்பிழை வழியாகத் தண்டுவடத்தையும் மூளையையும் அடைகிறது. ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்த சிலவும் நரம்பு வழியே செல்பவை.
3. வெள்ளையணுக்கள் வழி: சைட்டோமெகலோ தீநுண்மம் போன்றவை வெள்ளையணுக்களுக்குள் தங்கி, அவற்றுடன் சேர்ந்தே திசுக்களுக்குள் செல்கின்றன.

தொற்றின் தோற்றுவாய்கள்

உறுப்பு பெற்றவருக்குத் தீநுண்மம் வந்து சேரும் இடங்கள் நான்காகும்.

1. அவருடைய சொந்த உடல்: சிறு வயதில் வந்து, பின் நரம்பு முடிச்சுகளிலோ வெள்ளையணுக்களிலோ சிறுநீரகத்திலோ உறங்கிக் கிடக்கும் தீநுண்மம் மீண்டும் கிளர்ந்தெழலாம்.
2. கொடையாளரின் உறுப்பு: கொடையாளருக்கு இருந்த தொற்று, உறுப்புடன் சேர்ந்து வரலாம்.
3. ஏற்றப்படும் குருதி: அறுவையின் போதும் அதன் பின்னரும் ஏற்றப்படும் குருதி வழியே சில தீநுண்மங்கள் பரவலாம்.
4. சுற்றுப்புறம்: கொசு, நாய், எலி, அம்மை கண்ட குழந்தை, உயிருள்ள தடுப்பு மருந்து ஆகியன இதில் அடங்கும்.

காலவரிசை

உறுப்பு மாற்றத்திற்குப் பின் வரும் தொற்றுகளை மருத்துவர்கள் மூன்று காலப்பகுதிகளாகப் பிரிப்பர்.

- முதல் மாதம்: கொடையாளரிடமிருந்து வந்த தொற்றும், மருத்துவமனையில் பெற்ற தொற்றும் இக்காலத்தில் வெளிப்படும். ஒரே கொடையாளரின் உறுப்புகளைப் பெற்ற பலருக்கு ஒரே நேரத்தில் மூளையழற்சி வந்தால், தொற்று கொடையுறுப்பில் இருந்ததாக ஐயுற வேண்டும்.
- ஒன்று முதல் ஆறு மாதங்கள் வரை: தடுப்பாற்றல் மிகவும் தாழ்ந்திருக்கும் காலம். சைட்டோமெகலோ, ஹெர்பிஸ்-6, சின்னம்மை-அக்கித் தீநுண்மங்கள் கிளர்ந்தெழுவது இக்காலத்தில் மிகுதி.
- ஆறு மாதங்களுக்குப் பின்: பொதுமக்களுக்கு வரும் தொற்றுகளே இவர்களுக்கும் வரும், ஆனால் கடுமையாக வரும். ஜேசி தீநுண்மத்தால் வரும் மூளை நோயும், எப்ஸ்டைன்-பார் தீநுண்மம் சார்ந்த மூளை நிணநீர்ப் புற்றும் பெரும்பாலும் இக்காலத்தில் காணப்படுகின்றன.

தடுப்பு மருந்துகளின் பயன்பாட்டால் இவ்வரிசை இன்று ஓரளவு மாறியுள்ளது. தடுப்பு மருந்து நிறுத்தப்பட்ட பின் தாமதமாகத் தொற்று தோன்றுவதும் உண்டு.

முதன்மையான தீநுண்மங்கள்

சைட்டோமெகலோ தீநுண்மம்

இந்தியாவில் பெரியவர்களுள் மிகப் பெரும்பாலோர் இளமையிலேயே இத்தொற்றைப் பெற்றவர்கள். உறுப்பு மாற்றத்தில் மிகுதியாகக் காணப்படும் தீநுண்மமும் இதுவே. இது குடல், கல்லீரல், நுரையீரல் ஆகியவற்றைத் தாக்குவது வழக்கம். மூளையைத் தாக்குவது அரிது. விழித்திரை அழற்சி, மூளையழற்சி, தண்டுவட வேர்களின் அழற்சி ஆகியன இதன் நரம்பு மண்டல விளைவுகள். முன்பு தொற்று இல்லாதவர், தொற்றுள்ள கொடையாளரிடமிருந்து உறுப்பு பெறும்போது ஆபத்து மிக அதிகம். வால்கான்சைக்ளோவிர் மாத்திரையைச் சில மாதங்கள் முன்கூட்டியே தருவதால் இந்நோய் பெரிதும் குறைந்துள்ளது.

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ்

உதட்டோரக் கொப்புளங்களை உண்டாக்கும் இத்தீநுண்மம் சிலருக்கு மூளையின் பொட்டு மடலைத் தாக்குகிறது. காய்ச்சல், நடத்தை மாற்றம், நினைவிழப்பு, வலிப்பு ஆகியன தோன்றும். அசைக்ளோவிர் மருந்தைச் சிரை வழியே உடனே தொடங்கினால் உயிர் காக்க வாய்ப்புண்டு. ஆகவே ஆய்வு முடிவுக்காகக் காத்திராமல் இம்மருந்து தொடங்கப்படுகிறது.

சின்னம்மை-அக்கித் தீநுண்மம்

முதல் முறை தாக்கும்போது சின்னம்மையாகவும், உறங்கிக் கிடந்து மீண்டெழும்போது அக்கியாகவும் வெளிப்படுவது ஒரே தீநுண்மமே. உறுப்பு பெற்றவர்களில் அக்கி பல நரம்புப் பட்டைகளில் பரவலாம். கண் நரம்பு, முக நரம்பு ஆகியவற்றைத் தாக்குவதோடு, மூளையின் குருதிக்குழாய்களை அழற்சியுறச் செய்து பக்கவாதத்தையும் உண்டாக்கலாம். வெப்ப மண்டல நாடுகளில் பலர் சிறு வயதில் சின்னம்மைக்கு உள்ளாகாமலே வளர்ந்துவிடுவதால், உறுப்பு பெற்ற பின் முதன்முறையாக அம்மை காணும் பெரியவர்களும் உள்ளனர். அவர்களுக்கு இது உயிருக்கு ஆபத்தானது.

மனித ஹெர்பிஸ்-6

எலும்பு மச்சை மாற்றம் பெற்றவர்களிடமே பெரிதும் காணப்படுவது. பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு வாரங்களுக்குள் அண்மை நினைவு முற்றிலும் குலைந்து, குழப்பமும் வலிப்பும் தோன்றும்.

எப்ஸ்டைன்-பார் தீநுண்மம்

இத்தீநுண்மம் பி-உயிரணுக்களில் தங்குகிறது. டி-உயிரணுக்களின் கட்டுப்பாடு தளரும்போது பி-உயிரணுக்கள் அளவின்றிப் பெருகி, நிணநீர்ப் புற்றாக மாறலாம். சிலருக்கு இது மூளையில் மட்டுமே தோன்றும்.

ஜேசி தீநுண்மம்

1971இல் ஒரு நோயாளியின் மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, அவருடைய பெயரின் முதலெழுத்துகளால் அழைக்கப்படுவது. உலகில் பெரும்பாலான பெரியவர்களிடம் எத்தீங்கும் செய்யாமல் சிறுநீரகத்தில் தங்கியிருக்கிறது. தடுப்பாற்றல் குறைந்தவர்களில் மூளையின் வெண்பொருளைச் சிறிது சிறிதாக அழிக்கிறது. கை கால் தளர்ச்சி, பார்வைக் குறைவு, பேச்சுக் குழறல் ஆகியன வாரக்கணக்கில் மெல்ல வளரும், காய்ச்சல் இராது. இதற்கென இன்றுவரை உறுதியான மருந்து இல்லை. தடுப்பாற்றல் ஒடுக்க மருந்துகளைக் குறைப்பதே மருத்துவமாகும். இதன் உறவுடைய பிகே தீநுண்மமும் அதே 1971இல் சிறுநீரக மாற்றம் பெற்ற ஒருவரின் சிறுநீரில் கண்டறியப்பட்டது. ஆயினும் அது மூளையைவிட மாற்றுச் சிறுநீரகத்தையே மிகுதியாகத் தாக்குகிறது.

கொசுவழித் தீநுண்மங்கள்

ஜப்பானிய மூளையழற்சி, மேற்கு நைல், டெங்கு, சிக்குன்குனியா ஆகியன இவ்வகையின. மேற்கு நைல் தொற்றுக்கு உள்ளாகும் பொதுமக்களில் ஏறத்தாழ 150 பேருக்கு ஒருவருக்கே கடும் நரம்பு நோய் வரும். உறுப்பு பெற்றவர்களில் இவ்விகிதம் பன்மடங்கு அதிகம்.

கொடையுறுப்பு வழியே பரவிய நிகழ்வுகள்

கொடையாளரின் இறப்புக்கான காரணம் தவறாகக் கருதப்பட்ட சில நிகழ்வுகள், இத்துறையின் நடைமுறைகளையே மாற்றின.

மேற்கு நைல், 2002: ஐக்கிய அமெரிக்காவில் ஒரு கொடையாளரின் உறுப்புகளைப் பெற்ற நால்வருக்கும் தொற்று ஏற்பட்டது. அவர்களுள் மூவருக்கு மூளையழற்சி வந்தது. கொடையாளருக்கு ஏற்றப்பட்ட குருதியிலேயே தீநுண்மம் இருந்தது பின்னர் தெரியவந்தது.

ரேபிஸ், 2004: ஐக்கிய அமெரிக்காவில் ஒரே கொடையாளரின் கல்லீரலையும் சிறுநீரகங்களையும் பெற்ற மூவரும், அவருடைய குருதிக்குழாய்த் துண்டு பொருத்தப்பட்ட மற்றொருவரும் இறந்தனர்.

ரேபிஸ், ஜெர்மனி, 2005: இந்தியாவுக்குப் பயணம் சென்று திரும்பிய ஒரு பெண்ணின் உறுப்புகள் ஆறு பேருக்குப் பொருத்தப்பட்டன. அவர் இந்தியாவில் ரேபிஸ் தொற்றுக்கு உள்ளாகியிருந்தது பின்னரே அறியப்பட்டது. நுரையீரல் பெற்றவர், சிறுநீரகம் பெற்றவர், சிறுநீரகமும் கணையமும் பெற்றவர் ஆகிய மூவரும் இறந்தனர். கல்லீரல் பெற்றவர் பல ஆண்டுகளுக்கு முன்பே ரேபிஸ் தடுப்பூசி பெற்றிருந்தவர், அவர் பிழைத்தார். விழிவெண்படலம் பெற்ற இருவரும் பிழைத்தனர். பழைய தடுப்பூசி ஒன்று, இவ்வளவு தடுப்பாற்றல் குறைந்த நிலையிலும் ஒருவரைக் காத்தது என்பது இந்நிகழ்வின் முக்கிய படிப்பினையாகும்.

எலிவழித் தீநுண்மம், 2005: ஐக்கிய அமெரிக்காவில் வளர்ப்பு வெள்ளெலியிடமிருந்து தொற்றுப் பெற்ற கொடையாளரின் உறுப்புகளைப் பெற்ற நால்வருள் மூவர் இறந்தனர்.

ஜப்பானிய மூளையழற்சி, ஹாங்காங், 2017: நுரையீரல் மாற்றம் பெற்ற ஒருவருக்கு ஏற்றப்பட்ட குருதி வழியே இந்நோய் பரவியது. குருதி வழங்கியவரிடம் எவ்வித நோய்க்குறியும் இருக்கவில்லை.

இந்தியாவிலும் ஒரே கொடையாளரின் விழிவெண்படலங்களைப் பெற்ற இருவர் ரேபிஸ் நோயால் இறந்தது 1988இல் மருத்துவ இதழில் வெளியானது. காரணம் தெரியாத மூளையழற்சியால் இறந்தவரின் உறுப்புகளை எடுக்கலாகாது என்ற விதி இத்தகைய நிகழ்வுகளிலிருந்து வலுப்பெற்றது.

சேலம், நாமக்கல் சமவெளியில்

சேலம், நாமக்கல் பகுதியில் வாழ்ந்துகொண்டே சென்னை, வேலூர், கோயம்புத்தூர், பெங்களூரு முதலிய நகரங்களில் உறுப்பு மாற்றமும் தொடர் மருத்துவமும் பெறுவோர் பலர். தமிழகத்தில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1971இல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றம் நடைபெற்றது. மூளைச்சாவடைந்தோரிடமிருந்து உறுப்பு பெறும் மாநிலத் திட்டம் 2008இல் தொடங்கியது. 2014இல் அதற்கெனத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் அமைக்கப்பட்டது. கொடையாளர்களின் உடலுக்கு அரசு மரியாதை செய்யப்படும் என்று 2023 செப்டம்பரில் மாநில அரசு அறிவித்தது. அறுவை பெருநகரில் நடந்தாலும், காய்ச்சல் வருவது ஊரில்தான். எனவே ஊரின் நீர்நிலையும் தெருவும் வழக்கமும் இந்நோய்களைப் புரிந்துகொள்ளத் தேவையானவை.

கொசுக்கள்

மேட்டூர் அணையிலிருந்து வெளிவரும் காவிரி, குமாரபாளையம், பள்ளிப்பாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் வழியாகச் செல்கிறது. ஆற்றை ஒட்டிய வாய்க்கால் பாசனப் பகுதிகளில் நெல், கரும்பு, வாழை, வெற்றிலை பயிராகின்றன. ஜப்பானிய மூளையழற்சியைப் பரப்பும் கியூலெக்ஸ் இனக் கொசுக்கள் நெல் வயல்களில் தேங்கிய நீரில் பெருகுபவை. மாலையிலும் இரவிலும் கடிப்பவை. இத்தீநுண்மம் கொக்கு, நாரை வகைப் பறவைகளிலும் பன்றிகளிலும் பெருகுகிறது. இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக 1955இல் அன்றைய சென்னை மாநிலத்தின் வேலூர்ப் பகுதியில் அறியப்பட்டது.

ஆற்றிலிருந்து விலகிய வறண்ட பகுதிகளில் நிலைமை வேறு. குடிநீர் சில நாட்களுக்கு ஒருமுறையே வரும் ஊர்களில் தொட்டி, குடம், பிளாஸ்டிக் பீப்பாய் ஆகியவற்றில் நீர் சேமிக்கப்படுகிறது. டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய தெளிந்த நீரில் முட்டையிடும், பகலில் கடிக்கும். ஆகவே இரவில் மட்டும் கொசுவலை கட்டுவது போதாது.

நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குப் பெயர் பெற்றது. பறவைகள் தொடர்பான தீநுண்மங்கள் என்றவுடன் பண்ணைகள் மீது ஐயம் எழுவது இயல்பு. ஆனால் மேற்கு நைல் தீநுண்மம் வளர்ந்த கோழிகளில் குறைந்த அளவிலேயே பெருகுவதால், அவற்றிலிருந்து கொசுவுக்குப் பரவுவது அரிது. பல நாடுகளில் கோழிகளைக் கூண்டில் வைத்து, அவற்றின் குருதியைச் சோதித்து, தீநுண்மம் அப்பகுதிக்கு வந்துள்ளதா என்று கண்காணிக்கின்றனர். எனினும் நோயுற்ற அல்லது இறந்த பறவைகளை உறுப்பு பெற்றவர் கையாளலாகாது.

நாய்க்கடி

நாய் கடித்தபின் உரிய மருத்துவம் பெற்றால் ரேபிஸ் நோயை முற்றிலும் தடுக்கலாம். நோய்க்குறி தோன்றிய பின் பிழைப்பது மிக அரிது. ரேபிஸ் தடுப்பூசி செயலிழக்கச் செய்யப்பட்ட தீநுண்மத்தால் ஆனது. ஆகவே அது உறுப்பு பெற்றவர்களுக்கும் பாதுகாப்பானது. ஆனால் அவர்களுடைய உடலில் பிறபொருளெதிரிகள் போதிய அளவில் தோன்றாமல் போகலாம். எனவே கடிவாயைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவுவதுடன், சிறு கீறலானாலும் தடுப்பூசியின் முழுத் தவணைகளும், ரேபிஸ் எதிர்ப்புப் புரதமும் இவர்களுக்குத் தரப்படுகின்றன. பின்னர் குருதியில் பிறபொருளெதிரியின் அளவும் சோதிக்கப்படுகிறது. உறுப்பு பெற்றவர் என்பதைத் தடுப்பூசி போடும் இடத்தில் சொல்லாவிட்டால் வழக்கமான முறையே பின்பற்றப்படும்; அது அவருக்குப் போதாது போகலாம்.

அம்மையும் அக்கியும்

தமிழகச் சிற்றூர்களில் சின்னம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகி, நோயாளியைத் தனியே வைத்து, மருந்து தராமல் காத்திருப்பது நெடுங்கால வழக்கம். தனியே வைப்பதும், வாசலில் வேப்பிலை செருகி அம்மை இருப்பதை ஊருக்கு அறிவிப்பதும் உறுப்பு பெற்றவருக்கு உண்மையில் உதவுபவை. அந்த வீட்டுக்குள் செல்லலாகாது என்பதை அவர் அறிந்துகொள்கிறார். ஆனால் அம்மை உறுப்பு பெற்றவருக்கே வந்தால் மருந்தின்றிக் காத்திருப்பது ஆபத்தானது. முதல் கொப்புளம் கண்ட நாளிலேயே அசைக்ளோவிர் தொடங்கப்பட வேண்டும். தலைக்கு நீர் ஊற்றும் நாள்வரை பொறுத்தால் தீநுண்மம் நுரையீரலையும் மூளையையும் எட்டிவிடலாம்.

அதேபோல் அக்கி வந்தவருக்குக் காவி குழைத்து உடலில் 'அக்கி எழுதும்' வழக்கமும் உண்டு. நல்ல தடுப்பாற்றல் உள்ளவருக்கு அக்கி பெரும்பாலும் தானே ஆறிவிடுவதால் இவ்வழக்கம் நம்பிக்கை பெற்றது. உறுப்பு பெற்றவருக்கு அது தானே ஆறும் என்று கொள்ள முடியாது. கண்ணருகிலோ காதருகிலோ அக்கி தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சிறுநீரக விற்பனை

1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் உறுப்புகளை விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியது. ஆயினும் பொருளாதார நெருக்கடியில் உள்ள தொழிலாளரை இடைத்தரகர் அணுகுவது நின்றுவிடவில்லை. நாமக்கல் மாவட்டம் பள்ளிப்பாளையம் பகுதியில் விசைத்தறித் தொழிலாளரிடம் சிறுநீரகங்கள் பெறப்பட்டதாக 2025 ஜூலையில் புகார்கள் எழுந்தன. மாநில அரசு விசாரணை நடத்தியது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது.

இத்தகைய விற்பனை அறத்திற்கும் சட்டத்திற்கும் மாறானது என்பதோடு, இக்கட்டுரையின் பொருளுடனும் நேரடித் தொடர்புடையது. கொடையாளரிடம் எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி பி, சி ஆகிய தொற்றுகளைக் குருதிச் சோதனையில் கண்டறியலாம். ஆனால் அண்மையில் வந்த காய்ச்சல், நாய்க்கடி, வீட்டில் கண்ட அம்மை ஆகியவற்றை அவர் சொன்னால்தான் அறிய முடியும். கடனை அடைக்கப் பணம் எதிர்பார்க்கும் ஒருவர், தம்மை ஒதுக்கிவிடுவார்களோ என்ற அச்சத்தில் இவற்றை மறைக்க நேரும். உறவினர் என்று பொய்யாகக் காட்டப்படும்போது குடும்ப நோய் வரலாறும் பொய்யாகிவிடுகிறது. கேடு ஒரு சிறுநீரகத்தை இழப்பவருக்கு மட்டுமன்றி, அதைப் பெறுபவருக்கும் நேருகிறது.

அறிகுறிகள்

கீழ்க்காண்பவற்றுள் ஏதேனும் ஒன்று உறுப்பு பெற்றவரிடம் தோன்றினாலும் உடனடி மருத்துவ ஆய்வு தேவை.

- காய்ச்சலுடன் கூடிய தலைவலி
- குழப்பம், பிதற்றல், வழக்கத்திற்கு மாறான நடத்தை அல்லது அயர்வு
- வலிப்பு
- பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, பார்வை மங்கல்
- கை கால் தளர்ச்சி, நடை தடுமாற்றம்
- கொப்புளங்கள்

தடுப்பாற்றல் குறைந்தவர்களில் காய்ச்சலும் கழுத்து விறைப்பும் தோன்றாமலே மூளையழற்சி இருக்கலாம். ஏனெனில் இவ்வறிகுறிகளே தடுப்பாற்றலின் எதிர்வினைகள். 'காய்ச்சல் இல்லை, ஆகவே தொற்று இல்லை' என்ற முடிவு இவர்களுக்குப் பொருந்தாது. நோயாளியின் பேச்சிலும் போக்கிலும் ஏற்படும் மாற்றத்தை முதலில் உணர்பவர்கள் பெரும்பாலும் வீட்டில் உள்ளவர்களே.

நோயறிதல்

காந்த ஒத்ததிர்வுப் படமும், இடுப்புப் பகுதியில் ஊசியிட்டு எடுக்கப்படும் மூளைத்தண்டுவடப் பாய்மத்தின் ஆய்வும் முதன்மையானவை. பாய்மத்தில் தீநுண்மத்தின் மரபுப்பொருளைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனை இன்று அடிப்படைச் சோதனையாகும். பிறபொருளெதிரிச் சோதனைகளை மட்டும் நம்ப இயலாது. நோய் இருந்தும் உடல் அவற்றை உருவாக்காதிருக்கலாம். ரேபிஸ், ஜப்பானிய மூளையழற்சி முதலியவற்றுக்கான சிறப்பு ஆய்வு வசதி பெங்களூரு தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்தில் உள்ளது.

எல்லா நரம்பியல் குறிகளும் தீநுண்மத்தால் வருவன அல்ல. காசநோய் மூளையுறையழற்சி, கிரிப்டோகாக்கஸ் பூஞ்சைத் தொற்று ஆகியன இந்தியாவில் இவர்களிடம் காணப்படுகின்றன. டாக்ரோலிமஸ் மருந்தே அளவு கூடும்போது கைநடுக்கம், தலைவலி, வலிப்பு ஆகியவற்றை உண்டாக்கும். ஆகவே மருந்தின் குருதி அளவும் உடன் சோதிக்கப்படுகிறது.

மருத்துவம்

- ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ், சின்னம்மை-அக்கி: அசைக்ளோவிர், சிரை வழியாக. ஹெர்பிஸ் மூளையழற்சிக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 மில்லிகிராம் வீதம் எட்டு மணிக்கு ஒருமுறை, 14 முதல் 21 நாட்கள் வரை தருவது வழக்கம். சிறுநீரகத்தின் செயலுக்கேற்ப அளவு குறைக்கப்படும்.
- சைட்டோமெகலோ, ஹெர்பிஸ்-6: கான்சைக்ளோவிர் அல்லது பாஸ்கார்னெட். பின்னது சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடியது.
- ஜேசி, எப்ஸ்டைன்-பார்: தடுப்பாற்றல் ஒடுக்க மருந்துகளைக் குறைத்தல், புற்று இருப்பின் அதற்கான மருத்துவம்.
- கொசுவழித் தீநுண்மங்கள்: இவற்றை அழிக்கும் மருந்து இல்லை. மூச்சு, நீர்ச்சமன், வலிப்பு ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் துணை மருத்துவமே தரப்படுகிறது.

வலிப்பைத் தடுக்கும் ஃபெனிட்டாய்ன், கார்பமசெப்பின் ஆகிய மருந்துகள் டாக்ரோலிமஸின் குருதி அளவைக் குறைத்து, உறுப்பு ஒதுக்கத்திற்கு வழிகோலலாம். எனவே லெவெடிராசெட்டம் போன்ற மருந்து விரும்பப்படுகிறது. மருந்துக் கடையில் தாமாக வாங்கும் வலிநிவாரணிகள் பல மாற்றுச் சிறுநீரகத்தைப் பாதிப்பவை. உள்ளூர் மருத்துவர் முதலுதவி செய்தாலும், உறுப்பு மாற்றம் செய்த மையத்துடன் அன்றே தொடர்பு கொள்வது முறையாகும். தடுப்பாற்றல் ஒடுக்க மருந்தை நோயாளி தாமே நிறுத்தலாகாது.

தடுப்பு

தடுப்பின் பெரும்பகுதி அறுவைக்கு முன்பே முடிய வேண்டியது. சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகள் உறுப்பு மாற்றத்துக்கு நான்கு வாரங்களுக்கு முன்பேனும் போடப்பட வேண்டும். பின்னர் அவை பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றன. இந்தியாவில் குழந்தைகளுக்கு இடப்படும் ஜப்பானிய மூளையழற்சித் தடுப்பூசிகளுள் எஸ்.ஏ. 14-14-2 வகை உயிருள்ளது. கர்நாடகத்தின் கோலாரில் பிரித்தெடுக்கப்பட்ட தீநுண்மத்தைக் கொண்டு உருவாக்கப்பட்டு 2013இல் அறிமுகமான ஜென்வாக் செயலிழக்கச் செய்யப்பட்ட வகையாகும்.

வாய்வழிப் போலியோ சொட்டு மருந்திலும் உயிருள்ள தீநுண்மம் உள்ளது; அது குழந்தையின் மலத்தில் சில வாரங்கள் வெளியேறும். உறுப்பு பெற்றவர் உள்ள வீட்டில் குழந்தைகளுக்கு ஊசி வழிப் போலியோ தடுப்பு மருந்தே பொருத்தமானது. சொட்டு மருந்து தரப்பட்டிருந்தால், குழந்தையின் கழிவுத் துணிகளை உறுப்பு பெற்றவர் கையாளாமல் இருக்க வேண்டும்.

அறுவைக்குப் பின் கடைப்பிடிக்க வேண்டியவை:

- பகலிலும் இரவிலும் கொசுக்கடியிலிருந்து காத்துக்கொள்ளுதல். நீர்க்கலன்களை மூடி வைத்து, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுதல்
- சின்னம்மை கண்டவரை நெருங்க நேர்ந்தால், கொப்புளம் வரும்வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் கூறுதல். தடுப்பாற்றல் இல்லாதவருக்கு எதிர்ப்புப் புரத ஊசி பத்து நாட்களுக்குள் தரப்படலாம்
- வளர்ப்பு நாய்களுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுதல்
- உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும், உறுப்பு மாற்ற மையத்தின் தொலைபேசி எண்ணையும் எப்போதும் உடன் வைத்திருத்தல்

இவற்றையும் பார்க்க

- மூளையழற்சி
- உறுப்புக் கொடை
- வெறிநாய்க்கடி நோய்
- ஜப்பானிய மூளையழற்சி
- அக்கி